திருப்பி அனுப்பிய கேள்விகள்

ஆடி 1, வியாழன்

காலையில் தூறல். தறிக்குழியில் ஈரம். பாவு நூல் நமுத்துக் கிடந்ததால் பத்து மணி வரை தறியில் உட்காரவில்லை. நல்லதாகப் போயிற்று, கோயில் வேலை தலைக்கு மேல்.

மைக் செட்காரரிடம் சொல்லியாயிற்று. கூழுக்குக் கேழ்வரகு, பாதிதான் வந்திருக்கிறது. வேப்பிலை நாளை. பூ நோட்டுகள் பதினான்கும் கயலிடம். ஒன்றில் மட்டும் ஓரம் கரையான் தின்றிருக்கிறது.

கயலைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. என் மகள், வயது இருபத்திமூன்று. சென்னைக் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறாள். மிச்ச நேரத்தில் நம் தெரு அம்மன் கோயிலுக்கு ஏ.ஐ. இயந்திரம் ஒன்று செய்துகொண்டிருக்கிறாள். வருகிறவர்கள் மனக்குறையைச் சொன்னால் அது வாய்விட்டுப் பதில் சொல்லும். காஞ்சிபுரத்தில் எத்தனை பெரிய கோயில்கள், எத்தனை கோபுரங்கள். ஒன்றிலும் இது கிடையாது. நம் தெருவில், ஒற்றைக் கலசம் வைத்த கோயிலில் வரப்போகிறது. செய்கிறவள் நெசவாளி சண்முகத்தின் மகள்.

பூக்கட்டிப் பார்க்கும் முறையை அவளுக்கு இன்று முதலிலிருந்து விளக்கினேன். "எனக்குத் தெரியும்பா. மெஷினுக்குத் தெரியாதில்ல. ஒண்ணுமே தெரியாதவங்களுக்குச் சொல்ற மாதிரி சொல்லு" என்றாள். சொன்னேன். செய்யலாமா வேண்டாமா என்று தவிப்பவர் கேள்வியை என்னிடம் சொல்வார். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வித்தியாசம் தெரியாமல் வாழையிலையில் நான் கட்டுவேன். பூசாரி அம்மன் காலடியில் வைப்பார். கேள்வி தெரியாத ஒருவர் ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். அதன் பிறகு அம்மன் சார்பில் ஆறுதலாக நாலு வார்த்தை நான் சொல்வேன். கேள்வி, வந்த பூ, சொன்ன வார்த்தை மூன்றும் பூ நோட்டில் ஏறும். கமிட்டிச் செயலாளர் ஆன நாளிலிருந்து ஒன்றும் விட்டதில்லை.

என் கையெழுத்தை அந்த இயந்திரம் படித்துவிட்டதாம். மனைவி வசந்தாவுக்கு ஆச்சரியம். "நான் இருபத்தஞ்சு வருசமா பாத்துக்கினு இருக்கேன், எனக்கே புரிய மாட்டேங்குது" என்றாள்.

ஆடி 2, வெள்ளி

வெயில். ஒரு முழம் நெய்தேன்.

சாயங்காலம் வீட்டில் சண்டை. இயந்திரம் எந்தக் குரலில் பேசுவது என்பதில். கமிட்டித் தலைவரும் வந்திருந்தார்.

கயல்: "ஆரம்பத்துலயே 'நான் இயந்திரம். பழைய நோட்டப் படிச்சுட்டுச் சொல்றேன்'னு சொல்லிடணும்பா."

நான்: "அம்மன் எதிர்ல நின்னுக்கினு இயந்திரம்னா எவன் கையெடுத்துக் கும்புடுவான்? மகளேன்னு கூப்புடணும். அம்மனே பேசுற மாதிரி இருக்கணும்."

"பூ எடுக்குறப்போ முடிவு யாரு கையிலயும் இல்ல. இதுல நாமதான பேசுறோம்? நாம பேசிட்டு அம்மன் பேசுனாங்கன்னு சொல்லலாமா?"

தலைவர் என் பக்கம். வசந்தா மட்டும், "பொண்ணு படிச்சிக்கினு வந்து சொல்லுது, கேளேன்" என்றாள். கேட்கவில்லை. பதினான்கு நோட்டு எழுதியவன் நான். எனக்குத் தெரியாத அம்மன் குரலா? கொஞ்சம் அதட்டல், கொஞ்சம் வாஞ்சை, அதுதான் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். கயல் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். ஆனாலும் நான் கேட்டபடியே செய்து வைத்தாள். கோபத்திலும் வேலை சுத்தம். என்னைப் போல.

ஆடி 4, ஞாயிறு

கூழ் ஊற்றினோம். நல்ல கூட்டம். மழை இல்லை, அம்மன் புண்ணியம்.

மண்டபத் தூணில் டேப்லெட் ஒன்று, பக்கத்தில் சின்ன ஸ்பீக்கர். சிவப்புப் பட்டுத் துண்டில் நானே திரை கட்டினேன். பதினோரு மணிக்குத் தேங்காய் உடைத்துத் திறந்தார் தலைவர். முதல் கேள்வி அவருடையது. மகனுக்கு எந்தப் பக்கம் பெண் பார்ப்பது என்று கேட்டார். "மகனே, அவசரப்படாதே. வடக்கே பார், நானிருக்கேன்" என்றது. தலைவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதன் பிறகு வரிசை தெருமுனை வரை.

ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து ஒரு குடும்பமே வந்திருந்தது. கூரத்திலிருந்து இரண்டு பேர். "யாரு செஞ்சது இது?" "செயலாளர் பொண்ணும்மா." இந்தப் பேச்சு காதில் விழுவதற்காகவே வரிசையைச் சரிசெய்வது போல மூன்று தடவை அந்தப் பக்கம் நடந்தேன். வசந்தா பார்த்துவிட்டாள். சிரித்தாள். சிரிக்கட்டும்.

அலமேலுவும் கேட்டாள். எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. புருஷன் போய் ஆறு வருடம். தனியாளாகத் தறி நெய்து மகளைக் கட்டிக் கொடுத்தவள். அவளுக்கும் எனக்கும் ஒரே முதலாளி. திரைக்குள் ரொம்ப நேரம் நின்றாள். வெளியே வரும்போது கண் ஈரம்.

"என்னை மகளேன்னு கூப்புட்டாங்கண்ணா. எங்கம்மா போனதுக்கு அப்புறம் யாருமே அப்டிக் கூப்புடல" என்றாள்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கயலிடம் போய், "பாத்தியா?" என்றேன். கூழ்ச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

ஆடி 8, வியாழன்

வெயில், புழுக்கம். முந்தானை ஆரம்பித்தேன்.

ஜரிகை கொண்டு வந்தார் ரஹீம் பாய். அவர் அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு அவர்கள் கடை ஜரிகைதான். இயந்திரத்தைப் பற்றி ஊரெல்லாம் பேச்சு என்றார். நானும் விடவில்லை, ஒரு டீ ஆறிப்போகும் வரை பெருமை அளந்தேன். எல்லாம் கேட்டுவிட்டு மெதுவாகக் கேட்டார்:

"எங்க பள்ளிவாசல் இமாம்கிட்ட நூறு கேள்வி கேட்டா, பத்துக்கு 'எனக்குத் தெரியாது, அல்லாவுக்குத்தான் தெரியும்'னுவாரு. உங்க மெஷின் இதுவரிக்கும் ஒரு தபாவாச்சும் தெரியாதுன்னு சொல்லிச்சா சண்முகம்?"

"அம்மனுக்குத் தெரியாதது இன்னா இருக்குது பாய்?" என்றேன் பட்டென்று.

"அம்மனுக்கு இல்லபா. மெஷினுக்கு."

பாய் நல்லவர்தான். ஆனால் சில நாள் வந்த வேலையை மட்டும் பார்த்துவிட்டுப் போனால் என்ன?

ஆடி 10, சனி

மேகமூட்டம்.

அலமேலு வீட்டில் மூன்று நாளாகத் தறிச் சத்தம் இல்லை. நான் கவனிக்கவில்லை. வசந்தாதான் போய்ப் பார்த்தாள். அலமேலுவுக்குச் சர்க்கரை வியாதி என்பது தெருவுக்கே தெரியும். தறியின் மிதிக்கட்டை உராய்ந்து வலது காலில் புண் வந்ததும், அதற்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் அரசு ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு வந்ததும் எங்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து போகவில்லையாம். புண்ணில் மஞ்சளைக் குழைத்துத் துணி சுற்றியிருக்கிறாள். வாசலிலேயே வாடை. இரண்டு விரல் கறுத்திருக்கிறது.

ஏன் போகவில்லை என்று கேட்டதற்கு அவள் சொன்னது: "அம்மன் சொன்னாங்க. வெளியே அலையாதே, என் மஞ்சளே போதும், நானிருக்கேன்னு. இப்போ ஆஸ்பத்திரிக்குப் போனா அம்மனை நம்பலன்னு ஆயிடாதா?"

வசந்தா எவ்வளவு கூப்பிட்டும் கிளம்பவில்லை. கயலிடம் சொன்னோம். அவள் லேப்டாப்பைத் திறந்து அன்றைய பேச்சைத் தேடி எடுத்தாள். இருந்தது. அலமேலு கேட்டது: "கால் புண்ணு ஆற மாட்டேங்குது, விரல எடுக்கணும்னு டாக்டர் பயமுறுத்துறாரு, போவட்டுமா வேணாமா?" இயந்திரம் சொன்னது, அலமேலு சொன்னபடியே. எழுத்துப் பிசகாமல்.

பிறகு கயல் நோட்டுகளைப் புரட்டினாள். "வெளியே அலையாதே" என்பது வேலைக்குச் சென்னை போகலாமா என்று கேட்ட ஒருவருக்கு நான் சொன்னது. மஞ்சள் போதும் என்பது, கிடா வெட்டாமல் வேண்டுதலை எளிமையாகச் செய்யலாமா என்று கேட்டவருக்கு. "நானிருக்கேன்" எல்லோருக்கும். எல்லாம் என் கையெழுத்து. என் வார்த்தைகளை வெட்டி ஒட்டி அவள் காலில் கட்டிவிட்டிருக்கிறது.

"அப்பா, பதினாலு நோட்டுல உடம்பு சரியில்லன்னு ஒரு கேள்விகூட இல்ல. ஏன்? யாருமே கேட்கலையா?"

எப்படிக் கேட்காமல் இருப்பார்கள்? வாரத்துக்கு இரண்டு பேராவது கேட்பார்கள். நோவுக்குப் பூக்கட்டுவது நம் கோயில் வழக்கம் இல்லை. கோர்ட் கேஸுக்கும் இல்லை. இன்னொருத்தர் குடும்பத்துச் சங்கதிக்கும் இல்லை. "இதுக்குப் பூ இல்லமா, டாக்டரைப் பாரு" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவேன். பூ கட்டாததை எதற்கு நோட்டில் எழுத வேண்டும்? எழுதியதில்லை. தெருவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், அதனால் கயலுக்கும் சொல்லவில்லை. இப்போதுதான் சொன்னேன்.

"அப்போ மெஷின் இன்னா கத்துக்கினு இருக்குது தெரியுமா? இந்த அம்மன் எதுக்குமே முடியாதுன்னு சொன்னதில்லன்னு."

சொல்லிவிட்டு எழுந்து கோயிலுக்குப் போனாள். டேப்லெட்டைக் கழற்றி எடுத்து வந்துவிட்டாள். தலைவரைக் கேட்கவில்லை, என்னையும் கேட்கவில்லை. தலைவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து கத்தினார். "யார் பர்மிஷன்ல கழட்டுன?" கயல் நிதானமாக, "நான் மாட்டினது, நானே கழட்டுனேன் மாமா" என்றாள்.

முதலில் எனக்கும் கோபம்தான் வந்தது, அதை மறைப்பானேன். செயலாளர் வீட்டு வாசலில் கத்தல் என்றால் மானம் போகும். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவள் என்ன செய்திருக்கிறாள் என்று விளங்கியது. அவள் அதைச் செய்தபோது நான் நோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆடி 11, ஞாயிறு

ஆறு மணிக்கே அலமேலு வீட்டுக்குப் போனேன். போகும்போது ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டு போனேன். 'கனவில் அம்மன் வந்து ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாள்' என்று சொல்லிவிடலாம். உடனே கிளம்பிவிடுவாள், என் பெயரும் கெடாது. சுலபம்.

வாசற்படி ஏறும்போது கயல் கேட்டது நினைவுக்கு வந்தது. நாம் பேசிவிட்டு அம்மன் பேசினாள் என்று சொல்லலாமா? அதையே மறுபடி செய்யப் போகிறேனே என்று உறைத்தது. சொல்லவில்லை.

"அலமேலு, அன்னைக்குப் பேசினது அம்மன் இல்ல. மெஷின். அது பேசினதெல்லாம் என்னோட வார்த்தை, வேற யாருக்கோ நான் சொன்னது. மகளேன்னு கூப்புடச் சொன்னதும் நான்தான். என் பொண்ணு வேணாம்னா. நான் கேக்கல."

திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு.

"அப்போ நான் ஆஸ்பத்திரிக்குப் போனா அம்மன் கோச்சிக்க மாட்டாங்களா?"

வாடையோடும் வலியோடும் ஏழு நாள் பொறுத்துக் கிடந்திருக்கிறாள். அம்மனுக்குக் கீழ்ப்படிவதாக நினைத்து எனக்குக் கீழ்ப்படிந்திருக்கிறாள்.

ஆட்டோ. வசந்தா கூட ஏறிக்கொண்டாள். ஓ.பி. சீட்டு, பழைய மருந்துச் சீட்டு, ஃபிளாஸ்க், ஒரு மாற்றுப் புடவை. ஞாயிறு என்பதால் அவசரப் பிரிவு. உள்ளேயே சேர்த்துக்கொண்டார்கள். டாக்டர், சின்ன வயசுப் பெண், "நாலு நாள் முன்னாடி வந்திருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

ஆடி 13, செவ்வாய்

மழை. தறி ஏறவில்லை.

இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். பாதம் தப்பியது. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் முழங்காலுக்குக் கீழே போயிருக்குமாம்.

போய்ப் பார்த்தேன். என்னிடம் பேசவில்லை. வசந்தாவிடம் மட்டும், "வலது கால்ல மிதிச்சாத்தான் எனக்குத் தறி ஓடும்" என்றாள். அவ்வளவுதான்.

ஆடி 15, வியாழன்

தூறல். இன்று முழுக்க நானும் கயலும் உட்கார்ந்தோம். நான் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். இத்தனை வருடத்தில் நான் திருப்பி அனுப்பிய கேள்விகள், நினைவுக்கு வந்த வரையில்.

மாமியாருக்கு மூச்சு வாங்குகிறது, தாயத்து கட்டலாமா என்று வந்தவர். பூ இல்லை, டாக்டர்.
தம்பி போட்ட கேஸ் ஜெயிக்குமா. பூ இல்லை, வக்கீல்.
பக்கத்து வீட்டுப் பெண் யாரோடு பேசுகிறாள். பூ இல்லை, வாயை மூடு (அப்படியேதான் சொன்னேன்).
வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா. இதற்குப் பூ இல்லை, கோபம்தான் வந்தது.
புருஷன் அடிக்கிறான், பொறுத்துப் போகவா என்று வந்த ஒரு பெண். அவளை வசந்தாவிடம் அனுப்பினேன். வசந்தா தன் சித்தி வீட்டில் கொண்டுபோய் விட்டாள், அங்கிருந்து போலீசுக்கு.

எனக்கு மறந்ததை வசந்தா அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தாள். இவளுக்கு இவ்வளவு நினைவிருக்கிறதா? நூறைத் தாண்டிவிட்டது. சாயங்காலம் கயல் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தாள்.

"அப்பா, இதான்பா உண்மையான நோட்டு. அந்தப் பதினாலும் மிச்சம்தான்."

எழுத வெட்கமாக இருந்தாலும் எழுதுகிறேன். இவ்வளவு பெருமையாக நான் எந்த நாளும் உட்கார்ந்ததில்லை. பட்டுக்கு விருது வாங்கின அன்றுகூட இல்லை. கூடவே இரண்டு விரல் போனதும் நெஞ்சில் நிற்கிறது. இரண்டும் ஒரே நாளில் இருக்கிறது, என்ன செய்வது.

ஆடி 18, ஞாயிறு

பதினெட்டாம் பெருக்கு. காலையில் சித்ரான்னம், மதியம் கமிட்டிக் கூட்டம். ஏழு பேர். கயலையும் கூப்பிட்டிருந்தோம்.

தலைவர் பழைய குரலிலேயே இயந்திரத்தைத் திரும்ப மாட்ட வேண்டும் என்றார். செவிலிமேட்டிலிருந்து தினமும் ஆட்கள் வந்து கேட்டுவிட்டுப் போகிறார்களாம். ஆஸ்பத்திரிக் கேள்வியை மட்டும் தடுத்துவிட்டால் போதாதா என்றார். நாலைந்து தலை ஆடியது.

கயல் எழுந்தாள். "மாமா, அம்மன்னு பேர் வெச்சுப் பேசினா, கேக்குறவங்க எதிர்த்துக் கேள்வி கேக்க மாட்டாங்க. டாக்டர் சொன்னா சந்தேகப்படலாம், எங்கப்பா சொன்னா சந்தேகப்படலாம். அம்மனை யாரு சந்தேகப்படுவாங்க? அந்த நம்பிக்கை அம்மனுக்கு உண்டானது. அத நாம எடுத்து ஒரு மெஷினுக்குக் குடுக்கக் கூடாது."

நான் எழுந்தேன். எழுந்திருக்கும் வரை சொல்வேன் என்று எனக்கே தெரியாது.

"அலமேலு கால் விரல் போனதுக்குக் காரணம் மெஷின் இல்ல, என் பொண்ணும் இல்ல. நான். அம்மன் குரல் வேணும்னு அடம் புடிச்சவன் நான். தீர்மான நோட்டுல அப்டியே எழுதிக்கோங்க."

தலைவர், "இதெல்லாம் எதுக்கு எழுதணும் சண்முகம்?" என்றார்.

"எழுதாமப் போனதாலதான் இவ்ளோ தூரம் வந்தது" என்றேன்.

நாலு கை கயல் பக்கம், மூன்று தலைவர் பக்கம். இனி இயந்திரம் சந்நிதிக்கு எதிரில் இல்லை, ஆபீஸ் ரூமில். சிவப்புத் திரை கிடையாது. எடுத்ததும் "நான் இயந்திரம், அம்மன் இல்லை" என்று சொல்லும். திருவிழா நாள், அபிஷேக நேரம், வேண்டுதல் முறை சொல்லும். மற்றதற்குத் தெரியாது என்று சொல்லி ஆளிடம் அனுப்பும்.

வெளியே வரும்போது தலைவர் கிண்டலாக, "தெரியாதுன்னு சொல்றதுக்கு ஒரு மெஷினா உன் பொண்ணு செஞ்சிருக்குது?" என்றார்.

"ஆமா. அதச் சொல்ல வெக்கிறதுதான் கஷ்டமாம்" என்றேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தேன். ரஹீம் பாயிடம் சொல்ல வேண்டும்.

ஆடி 26, திங்கள்

வெயில். முந்தானை முடிந்து புடவையைத் தறியிலிருந்து அறுத்தாயிற்று. கூட்டம் இல்லாத நாள்.

பதினோரு மணி இருக்கும், அலமேலு கோயிலுக்கு வந்தாள். கையில் கோல், காலில் பெரிய செருப்பு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து வீட்டை விட்டு இறங்கியது இதுதான் முதல் தடவை. ஆபீஸ் ரூம் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக என்னிடம்.

"பூ கட்டுங்கண்ணா."

இலை, நூல், நந்தியாவட்டை, செவ்வரளி எடுத்து வைத்தேன். கேள்வியைச் சொன்னால்தான் கட்ட முடியும் என்றேன். தறி மிதிக்கலாமா என்று கேட்பாள், அது டாக்டரிடம் கேட்க வேண்டியது என்று சொல்ல வேண்டும் என நினைத்துக்கொண்டிருந்தேன்.

"உங்கள மன்னிக்கலாமா வேணாமான்னு அம்மனைக் கேக்கணும்."

வெள்ளைப் பூ கையில் இருந்தது. கட்டிவிடலாம். செய்யலாமா வேண்டாமா என்கிற கேள்விதான், நோவு இல்லை, கேஸ் இல்லை. வழக்கப்படி கட்டுவதற்குத் தடை ஒன்றும் இல்லை. வெள்ளை வந்துவிட்டால் இன்றைக்கே என் நெஞ்சு பாரம் இறங்கும். அம்மனே சொல்லிவிட்டாள் என்று தெருவும் ஒத்துக்கொள்ளும். அவள் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டாள். அம்மன் சொன்னால் பேசாதவள் என்று எனக்குத்தான் தெரியுமே.

பூவைக் கீழே வைத்தேன்.

"இதுக்குப் பூ இல்லமா. இத அம்மன் மேல போடாத. நீதான் சொல்லணும்."

கோலை மாற்றிப் பிடித்தாள்.

"நீங்களா இதச் சொல்றீங்க?" என்றாள். கோபமா, வேறு ஏதாவதா, எனக்குப் பிடிபடவில்லை. "சரி. யோசிக்கணும். வெள்ளிக்கிழம வந்து சொல்றேன்."

படியிறங்கக் கை கொடுக்கப் போனேன். வேண்டாம் என்று தானே இறங்கினாள்.

வெள்ளிக்கு இன்னும் நாலு நாள்.